சம் லைக் இட் ஹாட்: படத்திலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து வேறு மொழிக்கு

இசை நாடகங்களில் ஆர்வம் வந்த புதிதில் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தை மேடையில் ஆடியிருக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, படத்தைப் பார்க்காமலேயே அந்த நாடகத்தின் பாட்டுத் தொகுப்பைப் போட்டுக் கேட்டேன். பாடுவது ஆணா, பெண்ணா, பெண் வேஷம் போட்ட ஆணா, எதுவும் பிடிபடவில்லை. நாலாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

நீங்கள் அப்படி அலைய வேண்டாம். இந்த ஒரு கதைக்குப் பல நாடுகளில், பல மொழிகளில் மேடை வடிவம் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதில் என்ன கவனிப்பது, மொழி தெரியாத நாடகத்தை எப்படி ரசிப்பது என்று ஒரு வரிசை போட்டுக் கொடுக்கிறேன். மாதத்துக்கு ஒரு படி வைத்தால்கூடப் போதும்.

முதல் படி: படத்தைப் பாருங்கள், ஆனால் இரண்டு தடவை

1959-ல் வந்த படம். இயக்கம் பில்லி வைல்டர், திரைக்கதை அவரும் ஐ.ஏ.எல். டயமண்டும். ஜோ, ஜெர்ரி என்று கையில் காசில்லாத இரண்டு வாத்தியக்காரர்கள். ஒருவன் சாக்ஸபோன், இன்னொருவன் ஆள் உயரத்துக்கு இருக்கும் பேஸ் வாத்தியம். 1929-ல் சிகாகோவில் நிஜமாகவே நடந்த காதலர் தினப் படுகொலையைப் போன்ற ஒரு கொலையை இவர்கள் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். ரவுடிக் கும்பல் துரத்துகிறது. தப்பிக்க வேறு வழியில்லாமல் பெண் வேஷம் போட்டு, ஜோ ஜோசஃபின் என்றும் ஜெர்ரி டாஃப்னி என்றும் பெயரை மாற்றிக்கொண்டு, ஃபுளோரிடா போகும் பெண்கள் இசைக்குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே பாடகி சுகர், அதாவது மர்லின் மன்றோ. ஜோ அவள்மேல் ஆசைப்பட்டு, அவளை மயக்க மூன்றாவதாக ஒரு கோடீஸ்வரன் வேஷமும் போடுகிறான். ஜெர்ரியின் பெண் வேஷத்தைப் பார்த்து ஆஸ்குட் என்கிற நிஜக் கோடீஸ்வரக் கிழவர் காதலில் விழுந்துவிடுகிறார். ஜோவாக டோனி கர்ட்டிஸ், ஜெர்ரியாக ஜாக் லெமன், ஆஸ்குடாக ஜோ இ. பிரௌன்.

முதல் தடவை சும்மா சிரிக்கப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு காட்சிக்காகப் பாருங்கள். ஜெர்ரி விடிய விடிய ஆஸ்குடோடு டாங்கோ ஆடிவிட்டு வந்து, பெண் உடையைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் கிடந்தபடி தனக்கு நிச்சயமாகிவிட்டது என்று ஜோவிடம் சொல்லும் காட்சி. மணப்பெண் யார் என்று ஜோ கேட்கிறான். நான்தான் என்கிறான் ஜெர்ரி. அந்தக் காட்சி முழுக்க ஜெர்ரியின் கையில் மராக்காஸ் இருக்கும், உள்ளே மணி போட்டுக் குலுக்கும் கிலுகிலுப்பை மாதிரி ஒரு வாத்தியம். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அதைக் குலுக்கிக்கொண்டு ஒரு குட்டி ஆட்டம் போடுவான். அது வைல்டர் வேண்டுமென்றே கொடுத்தது. தியேட்டரில் ஜனங்கள் சிரித்து அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்துவிட்டால் யார் காதிலும் விழாது, அதனால் சிரிப்புக்கு இடம் விட ஒரு குலுக்கல்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் சிரிப்புக்கான இடைவெளியை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பிலிமில் பதிந்துவிட வேண்டும். வீட்டில் தனியாகப் பார்த்தால் அந்த இடைவெளி கொஞ்சம் நீளமாகக்கூடத் தெரியும். மேடையில் நடிகர் அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் காத்திருப்பார். இந்தக் கதை மேடைக்கு இழுக்கப்பட்டதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

இரண்டாம் படி: கதை எங்கிருந்து வந்தது என்று ஒரு பார்வை

இதற்கு அதிக நேரம் வேண்டாம். கதை அமெரிக்காவில் பிறந்ததே அல்ல. 1935-ல் பிரெஞ்சில் ‘ஃபான்ஃபார் தாமூர்’, 1951-ல் அதையே ஜெர்மனில் ‘ஃபான்ஃபாரன் தெர் லீபே’. வேலை கிடைக்காத வாத்தியக்காரர்கள் பெண் வேஷம் போடுகிற சமாச்சாரம் அங்கிருந்துதான் வந்தது. அவற்றில் ரவுடிகள் கிடையாது. வேலைக்காக மட்டும் வேஷம் என்றால், பிடிக்காதபோது கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாமே? கழற்றினால் உயிர் போகும் என்ற நிலைமையை வைல்டர்தான் சேர்த்தார். அந்த ஒரு மாற்றத்தில் கதைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது. இந்திக்காரர்கள் 1975-ல் ரிஷி கபூரையும் பெயின்டலையும் வைத்து ‘ரஃபூ சக்கர்’ என்று எடுத்தபோதும் கொலையைப் பார்த்துவிட்டு ஓடுவதை விடவில்லை.

மூன்றாம் படி: மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்த மொழியில், எந்த ஊர் மேடையில் பார்த்தாலும் இந்த மூன்று இடங்களையும் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒன்று, வேஷம். நம் பழைய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அங்கே ஆண் என்பதைக் கூட்டம் மறந்துவிட வேண்டும், அதுதான் நடிகரின் திறமை. இங்கே நேர் எதிர். கதையில் இருக்கிறவர்கள் எல்லாரும் நம்ப வேண்டும், கூட்டத்தில் ஒருவர்கூட நம்பக் கூடாது. படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்குக் காரணம், கலரில் இரண்டு ஆண்களின் மேக்கப்பும் பச்சையடித்துப்போய்ப் பார்க்கச் சகிக்காமல் இருந்ததுதான். மேடையில் அப்படி மறைக்க வழியில்லை, எல்லாம் கலர். கெண்டைக்கால் சதை, ஹை ஹீல்ஸில் தடுமாறுகிற நடை எல்லாம் கடைசி வரிசை வரை தெரியும். நல்ல நடிகர் அந்தத் தடுமாற்றத்தை முதல் காட்சியில் வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்.

இரண்டு, உடை மாற்றும் அவசரம். ஜோ ஒரு நிமிஷம் ஜோசஃபின், அடுத்த நிமிஷம் கோடீஸ்வரன். படத்தில் ஒரு வெட்டு வெட்டினால் ஆயிற்று. கோடீஸ்வரன் உடையோடேயே நுரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்துக் கழுத்து வரை மூழ்கிக்கொண்டு ஜோசஃபினாகப் பேசும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? மேடையில் ஓரத்தட்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் நின்று உடையை உரித்து மாட்டிவிட வேண்டும். அதனால் ஜோ உள்ளே போனதும் வெளியே யார் பாடுகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பாட்டு கதைக்காக வந்ததா, பொத்தான் போட நேரம் கொடுக்க வந்ததா என்று நாலு நாடகம் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு எந்த இசை நாடகத்தையும் வெள்ளந்தியாகப் பார்க்க முடியாது, அதற்கு நான் பொறுப்பல்ல.

மூன்று, கடைசி வரி. மோட்டார் படகில் ஆஸ்குடும் ஜெர்ரியும் போகிறார்கள். கல்யாணம் நடக்காது என்பதற்கு ஜெர்ரி ஒவ்வொரு காரணமாகச் சொல்கிறான். தலைமுடி நிஜ நிறம் இல்லை, சிகரெட் பிடிப்பேன், மூன்று வருஷமாக ஒரு சாக்ஸபோன்காரனோடு குடித்தனம், குழந்தை பிறக்காது. எதற்கும் கிழவர் அசைவதில்லை. கடைசியில் விக்கைப் பிடுங்கிவிட்டுத் தான் ஆம்பளை என்று கத்துகிறான். கிழவர் முன்னால் பார்த்துக்கொண்டே, குறை இல்லாதவர் யார் என்கிற அர்த்தத்தில் இரண்டே சொல் சொல்கிறார். படம் முடிந்துவிடுகிறது. மேடைக்காரர்களுக்குத் தலைவலியே இதுதான். எல்லாருக்கும் தெரிந்த ஜோக். அதை அப்படியே சொன்னால் கூட்டம் நடிகருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். சொல்லாமல் விட்டால் கோபப்படும். அதுமட்டுமில்லை, அந்த வரியோடு டக்கென்று முடிக்கவும் முடியாது. இசை நாடகம் என்றால் கடைசியில் எல்லாரும் வந்து பாட வேண்டுமே.

நான்காம் படி: 1972-ன் ‘சுகர்’

இப்போது பாட்டுத் தொகுப்பைப் போடலாம். 1972 ஏப்ரல் 9-ல் நியூயார்க்கின் மஜெஸ்டிக் தியேட்டரில் தொடங்கி 505 காட்சிகள் ஓடியது. இசை ஜூல் ஸ்டைன், பாடல்கள் பாப் மெரில், எழுத்து பீட்டர் ஸ்டோன், இயக்கமும் நடனமும் கோவர் சாம்பியன். தயாரிப்பாளர் டேவிட் மெரிக்குக்கு முதலில் வைல்டர் படத்தின் உரிமை கிடைக்கவில்லை, ஜெர்மன் படத்தின் உரிமையைத்தான் வாங்கி வைத்திருந்தார். இரண்டாம் படியை ஏன் பார்க்கச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

ஜெர்ரியாக ராபர்ட் மோர்ஸ், ஜோவாக டோனி ராபர்ட்ஸ், ஆஸ்குடாக சிரில் ரிச்சர்ட். தலைப்பே பாடகியின் பெயர்தான். ஆனால் தொகுப்பைக் கேட்டால் நாடகம் ஜெர்ரியின் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். ரெண்டு பேரும் முதன்முதலாகப் பெண் உடையில் வந்து தங்கள் அழகைத் தாங்களே மெச்சிக்கொள்ளும் ‘த பியூட்டி தட் டிரைவ்ஸ் மென் மேட்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள், வரிசைப்படி கேட்க வேண்டாம். அடுத்து கிழக் கோடீஸ்வரர்கள் பாடும் ‘நவம்பர் சாங்’. ரவுடித் தலைவனாக வந்தவர் ஸ்டீவ் காண்டோஸ், செருப்பால் தரையில் தாளம் தட்டி ஆடும் ‘டாப்’ நடனக்காரர், கும்பல் வந்தால் காலில் தாளம் வரும். இது தொகுப்பில் தெரியாது. மேடையில் துப்பாக்கிக்குப் பதில் செருப்புச் சத்தம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

என் கருத்து: பாட்டுகள் சுமார் ரகம்தான். ஸ்டைன் இதைவிட எவ்வளவோ நல்ல மெட்டுகள் போட்டவர். ஆனால் இந்தக் கதையின் மற்ற மொழி மேடைகளில் பெரும்பாலும் ஆடப்பட்டது இந்த ‘சுகர்’தான், அதனால் தாண்டிப் போக முடியாது. 1992-ல் லண்டனில் டாமி ஸ்டீலை வைத்துப் படத்தின் பெயரிலேயே போட்டார்கள், நீண்ட நாள் நிற்கவில்லை. 2002-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன நாடகத்தில் ஆஸ்குட் கிழவராக நடித்தவர் யார் தெரியுமா? டோனி கர்ட்டிஸ். படத்தில் ஜோவாக வந்த அதே மனிதர், எழுபதைத் தாண்டிய பிறகு. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நேரில் பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

ஐந்தாம் படி: 2022-ன் புது நாடகம்

இது ‘சுகரின்’ திருத்திய பதிப்பு அல்ல, வேறு நாடகம். 2022 டிசம்பரில் நியூயார்க்கின் ஷூபர்ட் தியேட்டரில் தொடங்கியது. இசை மார்க் ஷைமன், பாடல்கள் அவரும் ஸ்காட் விட்மனும், எழுத்து மாத்யூ லோபெஸ், ஆம்பர் ரஃபின், இயக்கமும் நடனமும் கேசி நிக்கலா. அமெரிக்க மேடை நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுகளில் 13-க்குப் பரிந்துரையாகி நான்கை வாங்கியது. 2023 கடைசி வரை ஓடி, 2024-ல் அமெரிக்க நகரங்களைச் சுற்றிவரக் கிளம்பியது.

காலத்தை 1929-லிருந்து 1933-க்கு நகர்த்திவிட்டார்கள். ரயில் ஃபுளோரிடாவுக்குப் பதில் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. இதில் ஒரு வேடிக்கை, படத்தில் ஃபுளோரிடா ஹோட்டல் என்று காட்டிய கட்டடமே நிஜத்தில் கலிஃபோர்னியாவின் கொரொனாடோவில் இருப்பதுதான். சுகராக வந்த ஏட்ரியானா ஹிக்ஸ் கறுப்பினப் பெண். ‘அட் த ஓல்ட் மஜெஸ்டிக் நிக்கல் மேட்டினி’ என்ற பாட்டில் சின்ன வயசில் தியேட்டர் மாடியில் உட்கார்ந்து படம் பார்த்ததைப் பாடுகிறாள். கறுப்பர்கள் கீழே உட்கார முடியாத காலம் என்பதை ஞாபகம் வைத்துக் கேளுங்கள்.

பெரிய மாற்றம் ஜெர்ரியிடம். படத்தில் அவனுக்கு டாஃப்னி என்பது உயிருக்குப் பயந்து போட்ட வேஷம், நடுவில் கொஞ்சம் மறந்துபோவதுதான் ஜோக். இங்கே அவருக்கு அந்த உடையில்தான் தன்னைத் தானாக உணர முடிகிறது. ‘யூ குடா நாக்ட் மீ ஓவர் வித் எ ஃபெதர்’ பாட்டு அதைச் சொல்கிறது. மொத்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்று கேட்க நேரம் இருந்தால் அதைக் கேளுங்கள். பாடிய ஜே. ஹாரிசன் கீக்குச் சிறந்த நடிகருக்கான டோனி கிடைத்தது. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ளாதவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்.

இதில் படத்தின் குறும்பு குறைந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு அந்தப் படகுக் காட்சியைத் திரும்ப யோசித்தேன். தான் ஆம்பளை என்று ஜெர்ரி கத்தும்போது எழுகிற கேள்விக்கு வைல்டர் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டார். 2022-ல் எழுதியவர்கள் அந்தக் கேள்வியை முன்னாலேயே எடுத்துப் பேசிவிட்டார்கள், அவ்வளவுதான். எது பிடித்திருக்கிறது என்று நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: மொழி தெரியாத மேடை

எனக்குப் பிடித்த படி இது. முதலில் தேடும் வழி. ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடினால் ஆங்கில நாடகம்தான் வரும். விக்கிப்பீடியாவில் படத்தின் பக்கத்தைத் திறந்து, மற்ற மொழிகளின் பட்டியலுக்குப் போய், அந்தந்த மொழித் தலைப்பை நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். தலைப்புகளே தமாஷ். லத்தீன் அமெரிக்காவில் ‘ஒரு ஏவாள், இரண்டு ஆதாம்கள்’ என்று அர்த்தம் வரும் பெயர். ஸ்பெயினில் பாவாடையும் கிறுக்குத்தனமும். ரஷ்யாவில் ‘ஜாஸ் குழுவில் பெண்கள் மட்டும்’. போலந்தில் ‘பாதி விளையாட்டு, பாதி நிஜம்’.

தேடினால் முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது புவெனஸ் அயர்ஸ். அங்கே லோலா மெம்பிரிவெஸ் தியேட்டரில் 1986-ல் ‘சுகர்’ சக்கைப்போடு போட்டது. சுகராக அர்ஜென்டினாவின் பெரிய நட்சத்திரம் சுசானா ஹிமெனெஸ், வாத்தியக்காரர்களாக அர்துரோ புய்க்கும் ரிக்கார்டோ தரினும். தரின் பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த சினிமா நடிகராகிவிட்டார், பெண் வேஷத்தில் அவரைப் பார்ப்பது தனி அனுபவம். 2017-ல் அதே தியேட்டரில் புதுத் தலைமுறையை வைத்துத் திரும்பப் போட்டபோது இயக்கியவர் அதே அர்துரோ புய்க்.

மொழி தெரியாதே, என்னத்தைப் புரிந்துகொள்வது என்று கேட்கலாம். ஒரே ஒரு விஷயத்தைக் காதில் பிடியுங்கள்: பேசுகிறவரின் பாலை மொழி காட்டிக்கொடுக்கிறதா இல்லையா? ஆங்கிலத்தில் ‘களைப்பாக இருக்கிறது’ என்று ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்வார்கள். ஸ்பானிஷில் ஆண் ‘கன்சாதோ’ என்பான், பெண் ‘கன்சாதா’ என்பாள். ஆக, பெண் வேஷத்தில் இருக்கும் ஒருவன் தன்னைப் பற்றி வாயைத் திறந்தாலே ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் கம்பிமேல் நடக்கிறான். ரஷ்யனில் ‘வந்தேன்’ என்று சொன்னாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். இந்தியில் ‘ஆயா’, ‘ஆயீ’ நமக்கே தெரியும். ஹங்கேரிய மொழியிலும் ஃபின்னிஷிலும் தலைகீழ், அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த மொழிகளில் உளறல் ஜோக் வேண்டுமென்றால் உடம்பாலோ குரலாலோதான் செய்ய முடியும்.

ஏழாம் படி: தமிழில் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்

கட்டாயம் இல்லை. ஆனால் இதுவரை வந்தவர்களுக்குக் கை அரிக்கும். ஒரு எச்சரிக்கை: டிக்கெட் போட்டோ போடாமலோ பொது மேடையில் ஆடுவதென்றால் உரிமம் வாங்க வேண்டும். நண்பர்களோடு வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கும் பயிற்சியைத்தான் சொல்கிறேன்.

தமிழில் ‘வந்தேன்’ யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் நம்மிடம் ‘டா’வும் ‘டீ’யும் இருக்கிறதே! இத்தனை வருஷம் ஒன்றாகச் சுற்றிய இரண்டு பேர், பெண்கள் நிறைந்த ரயில் பெட்டியில், பழக்கதோஷத்தில் “என்னடா” என்று ஆரம்பித்து “டீ” என்று முடிக்க வேண்டிய நிலைமை. இந்த ஜோக் வேறு எந்த மொழியில் இவ்வளவு சுளுவாகக் கிடைக்கும்? மராக்காஸ் காட்சியை எடுத்து “நிச்சயம் ஆயிடுச்சுடா”, “பொண்ணு யாரு?”, “நான்தான்” என்று ஆரம்பித்தால் பேனா தானாக ஓடும்.

கடைசி வரிதான் மக்கர் பண்ணும். “குறையில்லாத மனுஷன் யாரு?” என்று போட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடுகிறது. “அதனாலென்ன?” என்று போட்டால் சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கிழவரின் பெருந்தன்மை போய்விடுகிறது. “ஆளுக்கொரு குறை” என்று ஒரு நண்பர் சொன்னார், இதுவரை கிடைத்ததில் அதுதான் எனக்குக் கொஞ்சம் தேவலை. உங்களுக்கு வேறு கிடைத்தால் எழுதி வைத்து, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். படகுக்கு ஒரு பெஞ்சு, விக்குக்குத் தலையில் ஒரு துண்டு. துண்டை உருவிய பிறகு கிழவராக நடிப்பவர் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.